கொலம்பியா நதியோரம் – 4: காய்ச்சல் காலத்து வைத்தியர்கள்

அஸ்டோரியாவிலிருந்து நதியை ஒட்டியே கிழக்கே வந்தால் வான்கூவர். கனடாவின் பெருநகரம் அல்ல இது. வாஷிங்டன் மாநிலத்தின் தெற்கு விளிம்பில், போர்ட்லாண்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். ஹட்சன் பே கம்பெனி 1825-ல் இங்கே கோட்டை அமைத்தது. செஞ்சிக் கோட்டை போல எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கூர் சீவிய மரங்களை வரிசையாக நட்ட வேலி. உள்ளே கிடங்குகள், கொல்லுப்பட்டறை, ரொட்டி அடுப்பு. பீவர் தோலை வாங்கி லண்டனுக்கு ஏற்றியனுப்பும் வியாபாரத் தலம். பழைய கோட்டை எரிந்துபோய்விட்டது. இன்று நாம் பார்ப்பது, அஸ்திவாரத்தைத் தோண்டிக் கண்டறிந்து அதே இடத்தில் மறுபடி எழுப்பியது.

பூர்வகுடிகளோடு பண்டமாற்று நடந்த கடையை ஒட்டி மருத்துவ அறை இருக்கிறது. மற்ற இடங்களைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இங்கே வந்து நின்றேன். கட்டில், மருந்துக் குப்பிகள், இரத்தம் வடிக்கும் கத்தி. அந்தக் கத்தியின் அலகு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். இரத்தத்தை வடிப்பது, வாந்திக்கும் பேதிக்கும் கொடுப்பது, கொய்னா கிடைத்தால் காய்ச்சலுக்குத் தருவது. ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்த டாக்டருக்கும் அன்று கைவசம் இருந்தது ஏறக்குறைய இவ்வளவே.

கோட்டைத் தலைவரான ஜான் மக்லாக்லினே ஒரு டாக்டர். 1784-ல் க்யூபெக்கில் பிறந்தவர். பதினான்கு வயதில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, 1803-ல் வைத்தியம் பார்க்க உரிமம் பெற்றார். தோல் வியாபாரத்துக்குள் வந்ததும் மருத்துவராகத்தான். ஆறடிக்கு மேல் உயரம், இங்கு வரும்போதே நரைத்துவிட்ட தலை. மனைவி மார்கரெட், கிரீ இனத் தாய்க்குப் பிறந்தவர்.

1830-ல் விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல் இந்த நதிக்கரையைப் பிடித்தது. மலேரியா என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கப்பலில் வந்த யாரோ ஒருவர் உடம்பிலிருந்து இறங்கி, இங்கேயே இருந்த கொசு மூலம் பரவியிருக்க வேண்டும். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். மக்லாக்லினுக்கு அது தெரிய வழியில்லை. கோட்டை ஆட்களில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். கொய்னா தீர்ந்தபோது டாக்வுட் மரத்தின் பட்டையைக் கொதிக்கவைத்துக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

கோட்டைக்கு உள்ளே பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். வெளியே கதை வேறு. சினூக் மக்களுக்கும் கலப்பூயா மக்களுக்கும் இது பார்த்தறியாத நோய். வேர்க்கும் குடிலில் உட்கார்ந்துவிட்டுக் குளிர்ந்த ஆற்றில் குதிப்பது அவர்களுடைய பழைய வைத்தியம். இந்தக் காய்ச்சலில் அதுவே உயிரைக் குடித்தது. ஆண்டுதோறும் கோடையில் காய்ச்சல் திரும்பி வந்தது. பத்தே ஆண்டுகளில் கீழ்க்கொலம்பியா, வில்லமெட் பள்ளத்தாக்குகளின் மக்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமானவர்கள் போய்விட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பின்னால் மாட்டுவண்டிகளில் வந்த குடியேறிகள் ஆளில்லாத நல்ல நிலம் என்று எழுதிவைத்தார்களே, அந்த நிலத்தில் ஆளில்லாமல் போனது இப்படித்தான். இந்த ஒன்றை மனத்தில் வாங்காமல் ஆரெகனின் வரலாற்றைப் படிப்பதில் பயனில்லை.

1833-ல் கம்பெனி இரண்டு டாக்டர்களை அனுப்பியது. வில்லியம் டால்மி நல்ல மனிதர், செடிகொடிகளில் ஆசை. வந்த ஆண்டே மூலிகை தேடி ரெய்னியர் மலைப்பக்கம் போனார். மற்றவர் மெரிடித் கெய்ர்ட்னர். சென்ற இதழில் அஸ்டோரியா குன்றின் மேல் நிற்கும் சிமெண்ட் படகைப் பற்றி எழுதியிருந்தேன்; சினூக் தலைவர் காம்காம்லியின் நினைவுச் சின்னம். காம்காம்லி 1830-ல் இதே காய்ச்சலில்தான் இறந்தார். ஐந்தாண்டு கழித்து, காசநோயோடு ஹவாய்க்குக் கிளம்பிய கெய்ர்ட்னர் போகிற வழியில் காம்காம்லியின் கல்லறையைத் தோண்டித் தலையை எடுத்து, இங்கிலாந்திலிருந்த கடற்படை மருத்துவமனை ஒன்றின் சேகரத்துக்கு அனுப்பிவைத்தார். ஆராய்ச்சியாம். அந்தத் தலை 1950-களில்தான் அமெரிக்கா திரும்பியது. 1972-ல் அடக்கம் செய்தார்கள். அறிவியலின் பெயரால் நடந்த திருட்டு இது. வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெற்கே ஆரெகன் சிட்டியில் மக்லாக்லின் கடைசிக்காலத்தில் வாழ்ந்த வீடு இருக்கிறது. பசியோடு வந்து சேர்ந்த அமெரிக்கக் குடியேறிகளுக்கு விதையும் உணவும் கடனாகக் கொடுத்தவர் அவர். பலர் திருப்பித் தரவேயில்லை. 1850-ல் வந்த நிலச் சட்டம் அவருடைய நிலத்தையே பறித்தது. அது வாரிசுகளுக்குத் திரும்பியது 1862-ல். அவர் இறந்து ஐந்து ஆண்டுக்குப் பின். பக்கத்து வீடு டாக்டர் ஃபோர்ப்ஸ் பார்க்லேயுடையது. கோட்டையில் வைத்தியம் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வந்து மேயராகவும் இருந்தவர்.

இதே ஊரில்தான் 1850 ஜூன் 3 அன்று கேயூஸ் இனத்தவர் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ள, காரில் நான்கு மணி நேரம் கிழக்கே, வாலா வாலாவுக்குப் போக வேண்டும். பச்சை மறைந்து காய்ந்த புல் குன்றுகள் தொடங்குகின்றன. வையிலாட்பு என்னும் இடத்தில் டாக்டர் மார்கஸ் விட்மனும் மனைவி நர்சிசாவும் 1836-ல் மிஷன் அமைத்தார்கள். முந்தைய ஆண்டு, ஜிம் பிரிட்ஜர் என்ற மலைவேட்டைக்காரரின் முதுகில் நெடுநாளாகப் புதைந்திருந்த இரும்பு அம்புமுனையைத் திறந்தவெளியில் அறுத்து எடுத்தவர் விட்மன். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது.

1847-ல் தட்டம்மை வந்தது. விட்மன் எல்லோருக்கும்தான் மருந்து கொடுத்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் தேறின. அப்பகுதி கேயூஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தார்கள். நஞ்சு வைக்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. நோயாளியைச் சாகவிட்ட வைத்தியனைக் கொல்லலாம் என்பது அவர்களுடைய வழக்கம். குடியேறிகளின் வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 29 அன்று விட்மன் தம்பதியைக் கொன்றார்கள். அந்தச் சில நாட்களில் பத்துப் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், வீடு வீடாகப் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தவர்களின் மனநிலையை விட்டுவிட்டு அதைச் சொல்வதும் நியாயமில்லை.

விட்மனை அனுப்பிய அதே அமெரிக்க மிஷன் சபைதான், அதே 1847-ல், டாக்டர் சாமுவேல் கிறீனை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. கிறீன் தமிழ் கற்று, மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். விட்மனோ 1843-ல் பெரிய குடியேறிக் கூட்டத்தோடு சேர்ந்து வழிகாட்டி வந்தவர். யாருக்காக வைத்தியர் வந்திருக்கிறார் என்பதை நோயாளி எப்படியும் கண்டுகொள்கிறான்.

வாஷிங்டன் நகரின் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஆரெகன் மக்லாக்லினுக்கும் வாஷிங்டன் மாநிலம் விட்மனுக்கும் சிலை வைத்தன. விட்மன் சிலைக்குப் பதிலாக, மீன்பிடி உரிமைக்குப் போராடிய நிஸ்குவாலி தலைவர் பில்லி ஃபிராங்க் ஜூனியரின் சிலையை வைப்பதென 2021-ல் முடிவானது. சரியான முடிவு.

வையிலாட்புவைப் பார்க்கப் போகிறவர்கள், பெண்டில்டன் பக்கத்தில், கேயூஸ் மக்களும் அடங்கிய உமட்டில்லா பழங்குடிகள் தாங்களே நடத்தும் தமஸ்ட்ஸ்லிக்ட் காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். கேயூஸ் மக்கள் தங்கள் கதையைத் தாங்களே அங்கே சொல்கிறார்கள். தூக்கிலிடப்பட்ட ஐந்து பேரையும் எங்கே புதைத்தார்கள் என்று அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.