திருச்சி மலையும் திருவரங்கத் தீவும்

திருச்சிக்குப் போனால் முதலில் மலைக்கோட்டையில் ஏறிவிடுங்கள். நானூறுக்கு மேற்பட்ட படிகள். வெயிலுக்கு முன்பே ஏறிவிடுவது உசிதம். வழியில் தாயுமானவரைத் தரிசித்து, மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகையையும் பார்த்துவிட்டு, உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வந்து சேர்ந்தீர்களானால் ஊர் முழுவதும் உங்கள் காலடியில்! கீழே தெப்பக்குளம், அருகே லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரம், சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா. மேற்கே உறையூர். பழைய சோழர்களின் தலைநகரம் அது. ஆனால் திருச்சியின் பெயரைச் சீமை வரை கொண்டுபோனது சோழர் பெருமையல்ல, சுருட்டு! சரித்திரத்துக்கும் கொஞ்சம் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலிருக்கிறது.

இப்போது வடக்கே திரும்புங்கள். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தென்னை மரங்களுக்கு மேலே கோபுரங்களாகத் தெரிகிறதல்லவா, அதுதான் ஸ்ரீரங்கம். 21 கோபுரங்கள், ஏழு பிரகாரங்கள். மற்ற ஊர்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். இங்கே கோயிலுக்குள் ஊர் இருக்கிறது. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீடு, கடை, காபி ஹோட்டல், வாசலில் கோலம், எல்லாம் மதில்களுக்கு உள்ளேதான்.

இத்தனை மதில்கள் இருந்தும் ஒரு காலத்தில் பெருமாளே ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்தது.

1323-ல் தில்லிப் படை தெற்கே வந்தது. பள்ளிகொண்டிருக்கும் மூலவரை அசைக்க முடியாது. அவர் திருமேனி சுதையாலானது. சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே புறப்பட்டது. தலைமை தாங்கியவர் தள்ளாத வயதிலிருந்த பிள்ளை லோகாசாரியார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது. பெருமாளோ மலையும் காடுமாகச் சுற்றி, திருமலையில் தங்கி, செஞ்சி வழியாக, விஜயநகரத் தளபதி கோபணாரியன் துணையோடு 1371-ல் ஊர் திரும்பினார். 48 வருஷங்கள்!

வந்தவருக்கு ஒரு சங்கடம் காத்திருந்தது. இடைக்காலத்தில் வேறொரு மூர்த்தியைச் செய்துவைத்து ஆராதித்து வந்தார்கள். உண்மையான உற்சவர் எவர்? பழைய ஆட்கள் அநேகமாக யாரும் உயிரோடில்லை. கடைசியில், முன்பு பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்துக்கொடுத்த கிழவர் ஒருவர் அகப்பட்டார். அவருக்குக் கண் பார்வை கிடையாது. “இருவருக்கும் திருமஞ்சனம் செய்து ஈர வஸ்திரத்தைக் கொடுங்கள்” என்றாராம். பிழிந்த தீர்த்தத்தை வாயில் விட்டுப் பார்த்தவர், பழைய கஸ்தூரி வாசனையை அறிந்து, “இவரே நம்பெருமாள்!” என்று கூவினாராம். கோயிலொழுகு சொல்லும் கதை இது. சாஸ்திரம் படித்தவர்கள் தீர்க்க முடியாத வழக்கை வண்ணாரின் நாக்கு தீர்த்தது. ஊரும் அதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அன்றிலிருந்து உற்சவருக்கு நம்பெருமாள் என்றே திருநாமம். காத்திருந்த மற்றவரையும் அனுப்பிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் கர்ப்பக்கிருகத்திலேயே இருக்கிறார்.

பின்னாலும் இந்தத் தீவுக்கு நிம்மதியில்லை. 1752-ல் பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் கோயில் மதில்களுக்குள் முடங்கி, முற்றுகையில் தோற்றார்கள். தெற்கு வாசலில் அரைகுறையாக நின்றதை ஜனங்கள் பல தலைமுறைகளாக மொட்டைக் கோபுரம் என்றே சொல்லிவந்தார்கள். 1987-ல்தான் அது 13 நிலைகளோடு 236 அடி உயர ராஜகோபுரமாக நிமிர்ந்தது.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே துலுக்க நாச்சியார் சந்நிதியைக் கேட்டுப் போங்கள். பெருமாளிடம் மனத்தைப் பறிகொடுத்துப் பின்தொடர்ந்து வந்த சுல்தான் குமாரி என்பது ஐதிகம். சுவரில் சித்திரமாக இருக்கிறாள். படையெடுத்து வந்தவர்களின் குலத்துப் பெண். ஆனாலும் இங்கே நாச்சியார். அவள் பொருட்டு அரங்கனுக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியமாகின்றன.