கூரைச் சாளரமும் குமாஸ்தா புத்தியும்

நாகபுரியில் ஆடி மாதத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2024ஆம் ஆண்டு அம்மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், குடும்பத்துடன் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, நம் காரின் கூரையிலுள்ள கண்ணாடிச் சாளரம், அதாவது சன்ரூஃப், பாதி திறந்த நிலையில் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் ஓர் அங்குலம் நகரும், நிற்கும். மூன்று முறைக்குப் பின் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, பின்னிருக்கையில் நம் மகன் பக்கத்துக் கண்ணாடியும் அவன் எவ்வளவு அழுத்தியும் ஏற மறுத்தது. அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. காருக்குள்ளேயே குடை பிடித்து அமர்ந்து வந்த நம் இல்லாளை இரயில்வே குடியிருப்பு முழுவதும் கண்டு களித்தது.

குமாஸ்தாவுக்குக் காரா என்று அன்பர்கள் புருவம் உயர்த்த வேண்டாம். பிறர் ஆறாண்டு ஓட்டிய வண்டி. அதுவும் கடனில் வாங்கியது. சன்ரூஃபைக் கண்டு மயங்கியவன் ஒன்பது வயது மகன்.

ஆகவே அன்றிரவு அவன்மீதுதான் பாய்ந்தோம். "ஓயாமல் அந்தப் பொத்தானை அழுத்தி விளையாடினாயே, கெடுத்துவிட்டாயல்லவா?" என்றோம். "நான் ஒன்றும் செய்யவில்லை, அப்பா" என்றான். நாம் நம்பவில்லை. அவன் சாப்பிடாமற் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பழுதுபார்க்கும் கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்தார். மோட்டார் போய்விட்டது, சுவிட்சுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும், இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றார். அத்தொகை நம்மிடம் இல்லாமல் இல்லை. ஊரிலிருக்கும் அன்னையாரின் கண்புரைச் சிகிச்சைக்கென்று மாதாமாதம் சேர்த்து வைத்தது அது. அதைத் தொட மனம் வரவில்லை. நாளை சொல்கிறோம் என்று கூறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து தார்ப்பாயால் மூடினோம். அலுவலகத்துக்கு அன்று விடுப்பு.

நாம் படித்தது பத்தாம் வகுப்பு வரை. மின்சாரம் அறியோம். ஆனால் பதினான்கு ஆண்டுகளாகச் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதி வருகிறோம். கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால் பேரேட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்குவார் உண்டோ? கடைசியாகச் சரியாயிருந்த பக்கம் எது, அதன்பின் எவர் கை பட்டது என்று தேடுவதன்றோ வழக்கம்? அவ்வாறே எண்ணிப் பார்த்தோம். சன்ரூஃப் ஒரே அழுத்தில் முழுவதும் திறந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. அதன்பின் விட்டு விட்டுத்தான் திறந்தது, நாம் பொருட்படுத்தவில்லை. பத்து நாட்களுக்கு முன் என்ன நடந்தது? பேட்டரி மாற்றப்பட்டது. மாற்றியவர் யார்? கூலியை மிச்சம் பிடிக்க விரும்பிய நாமேதான்!

கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார். சுவிட்ச் மின்னோட்டத்தின் திசையை மாற்றித் தருகிறது, அவ்வளவே. எனவே முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அழுத்தியவுடன் உறுமல் எழுந்தால் மின்சாரம் வருகிறது என்று பொருள். அரவமே இல்லையேல் ஃபியூஸிலிருந்து தொடங்க வேண்டும். (எரிந்துபோன 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸுக்குப் பதிலாக 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகும் வீரர்கள் நம் குடியிருப்பிலும் உளர். ஃபியூஸ் பிழைக்கும், கம்பி எரியும்.) சன்ரூஃப் உறுமியது. பின் கண்ணாடி ஊமையாயிருந்தது. ஆனால் ஓட்டுநர் கதவிலுள்ள சுவிட்சை அழுத்தியதும் அதே கண்ணாடி சரசரவென்று ஏறிற்று! இதை முயன்று பார்க்கும் நிதானம் முன்னாள் மாலை நமக்கு இருக்கவில்லை. மோட்டாரும் ஃபியூஸும் நலம் என்றால் மீதி மூன்றே: அந்தக் கதவின் சுவிட்ச், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி ரப்பர் உறைக்குள் அறுந்துபோகும் கம்பி, ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டுப் பொத்தான். பூட்டுப் பொத்தான் அமுங்கியிருந்தது. குழந்தைகள் கண்ணாடியை இறக்காதிருக்க வைத்த பொத்தான் அது. பேட்டரி மாற்றிய கையோடு உட்புறத்தைத் துணியால் அழுந்தத் துடைத்தவரும் நாமேயன்றி வேறெவரும் அல்லர்.

சன்ரூஃபின் கதை வேறு. நம் வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். இருபுறத் தண்டவாளங்களிலும் வேப்பிலைக் காம்பும் மண்ணும் களிம்பாய் ஒட்டியிருந்தன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்தபின் சிறுகச் சிறுக மூடியது. பேட்டரியைக் கழற்றினால் அது தன் எல்லைகளை மறந்துவிடும் என்றும், மூடியபின் சுவிட்சை விடாமல் சுமார் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அதற்கு மீண்டும் கற்பிக்க வேண்டும் என்றும், அதுவரை பிரித்தே பாராத கையேட்டில் அச்சிட்டிருந்தது. (இம்முறை வண்டிக்கு வண்டி மாறும்.) செய்தோம். சாளரம் தானே திறந்து, தானே மூடி, அமைதியாயிற்று. செலவு ஒரு காசும் இல்லை.

மகிழ்ச்சியோடு அடுத்த வரியைப் படித்தோம். மூடும்போது கையோ தலையோ தட்டுப்பட்டால் கண்ணாடி தானே பின்வாங்கும் காப்பு ஒன்று உண்டாம். மீண்டும் கற்பிக்கும் வரை அக்காப்பு வேலை செய்யாதாம். அந்தப் பத்து நாட்களில் எத்தனை முறை நம் மகன் தலையை வெளியே நீட்டி நின்றான், எத்தனை முறை நாம் சிரித்துக்கொண்டே மூடும் பொத்தானில் விரல் வைத்தோம்! கையேட்டை மூடிவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பின்னர் துணிச்சுருள் ஒன்றை இடையில் வைத்து மூடிப் பார்த்தோம். கண்ணாடி துணியைத் தொட்டது, பின்வாங்கியது.

மாலையில் பள்ளியிலிருந்து வந்தவனை அழைத்துத் தவறு நம்முடையது என்றோம். "நான்தான் சொன்னேனே, அப்பா" என்றான். இனி ஓடும் வண்டியில் தலையை நீட்டக்கூடாது என்றதற்கு மட்டும் முகம் சுளித்தான்.

இன்னொரு வேலை பாக்கியிருந்தது. சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் மழைநீர் வடியத் துளைகள் உண்டு. அவற்றிலிருந்து குழாய்கள் தூண்களின் வழியே கீழே இறங்குகின்றன. அவை அடைபட்டால் நீர் உள்ளே ஒழுகும். காற்றை வேகமாய்ச் செலுத்தினால் குழாயின் இணைப்பு கழன்றுவிடும் என்பதால், ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றினோம். மகன் தரையில் குனிந்து காவல் இருந்தான். "வருகிறது அப்பா!" என்று மூன்று முறை கூவினான். நான்காவது மூலையில் குவளை காலியாகியும் சத்தமில்லை. வருகிற ஞாயிறு அதைப் பார்க்க வேண்டும் என்றோம். ஞாயிறு வரை அவன் பொறுப்பதாகத் தெரியவில்லை.