பெரிய எழுத்தும் அவசரத் தீர்ப்பும்



சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவின் ஏழை மாணவன் ஒருவனுக்காகக் கல்வி உதவி விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினோம். நான் முகவரியை வாசிக்க, கணினி அறிந்த மற்றொரு மாணவன் தட்டச்சு செய்தான். இறுதி நாள் கடந்த பின்னரே அது சென்று சேரவில்லை எனத் தெரிந்தது. முகவரி முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கக் கண்டேன். "உன் கவனக்குறைவால் ஒரு பிள்ளையின் உதவி போயிற்று" என்று வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

பின்னர் விவரமறிந்த ஒருவரிடம் விசாரித்தேன். முகவரியில் 'அட்' குறிக்குப் பின் வரும் பகுதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. அதற்கு முன்னுள்ள பெயர்ப் பகுதியில் வேறுபாடு பார்க்க 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 என்னும் விதிமுறை இடமளிக்கிறது. ஆயினும் அவ்வாறு பார்ப்பதை அதுவே விரும்பவில்லை. ஜிமெயில் போன்ற சேவைகள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஜிமெயில் பெயரின் இடையே வரும் புள்ளியைக்கூடக் கணக்கில் கொள்வதில்லையாம். பா, தா, ஸா எனும் எழுத்துகளைப் புள்ளிகளைக் கொண்டே பிரித்தறியக் கற்பிக்கும் எனக்கு இது வியப்பாக இருந்தது.

ஆனால் ஓர் எழுத்தே மாறிவிட்டால் அஞ்சல் சேராது. அம்முகவரியில் முஹம்மது என்ற பெயர் இருந்தது. அதை ஆங்கிலத்தில் நம்மவர் எத்தனை விதமாக எழுதுகின்றனர்! 'ஈ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' என்று வாசித்தவன் நானே. அஞ்சல் சேரவில்லை என்ற அறிவிப்பும் அன்றே திரும்பி வந்து, என் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது.

செய்தியைத் தீர விசாரிக்குமாறும், சந்தேகங்களைத் தவிர்க்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுவதை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். கற்பித்தது நாவோடு நின்றுவிட்டதே என்று வெட்கினேன். மறுநாள் அதே வகுப்பில், அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை உஸ்தாத், நானும் ஒருமுறை திரும்ப வாசித்துக் காட்டியிருக்கலாம்" என்றான்.

இப்போது முகவரிகளைச் சிறிய எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்தாகத் திரும்ப வாசித்த பின்னரே அனுப்புகிறோம். அவ்வாண்டின் உதவி திரும்ப வரவில்லை. பிறர் விண்ணப்பமும் நம்மிடம் ஓர் அமானிதமே. பிறர் மானமும் அவ்வாறே. இரண்டையும் பேணும் நல்லோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.