வேப்பூரிலிருந்து வடலூர் வரை

சேலம்–கடலூர் சாலை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்கும் ஊர் வேப்பூர். வெள்ளிக்கிழமைதோறும் இங்கே கூடும் ஆட்டுச்சந்தை பெயர் பெற்றது. அன்று பேருந்துக்குக் காத்து நிற்கும் அன்பர்களின் செவியில், பேரம் பேசுவோர் குரலோடு ஆடுகளின் குரலும் கலந்தே விழும்.

இங்கிருந்து கிழக்கே செல்லும் ஒரே சாலையில் விருத்தாசலமும் வடலூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. "எங்களுக்கு ஆன்மிகம் போதும், கோயிலும் சடங்கும் எதற்கு?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கையில் விடை தெரியாது கலங்கும் பெரியோர், இவ்விரு தலங்களையும் ஒரே நாளில் தரிசித்தல் நன்று.

திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடைய விருத்தாசலத்தில், மணிமுத்தாற்றங்கரையில், சமயம் தன் முழு உருவோடு விளங்குகிறது. கோபுரம், பிராகாரம், கொடிமரம், நந்தி எல்லாம் ஐந்தைந்து. படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைத் தொழுது, விருத்தகிரீசுவரரையும் பெரியநாயகியையும் வணங்குவர். முருகப்பெருமான் 28 ஆகமங்களையும் 28 லிங்கங்களாக நிறுவிப் பூசித்ததாகத் தலபுராணம் கூறும். இங்கே ஒவ்வொன்றுக்கும் காலமும் முறையும் உண்டு.

இவ்வூர் பீங்கான் தொழிலுக்கும் பேர்போனது. களிமண்ணை அச்சிலிட்டால் உருவம் வந்துவிடும். ஆயினும், சூளையில் வேகாதவரை அது நீர் பட்டால் கரைந்துபோகும். சமய ஒழுக்கம் மனிதனை உருவாக்கும் அச்சு என்றால், அவனை வேகவைக்கும் சூளை எது?

அதற்கு விடை வடலூரில் உள்ளது. 1823இல் மருதூரில் அவதரித்த இராமலிங்க அடிகள், இளமையில் திருத்தணிகை முருகனையும் திருவொற்றியூர் ஈசனையும் பாடி உருகியவர். சமய, சாதி வேறுபாடுகளில் பற்று வைத்தல் கூடாது என்று பின்னாளில் உரைத்தவரும் அவரே. ஆனால், சடங்கை விலக்கிய அடிகள் கடமையைக் குறைத்துவிடவில்லை. பசித்தவர் எவராயினும் அவருக்கு உணவளிப்பதே வழிபாடு என்றார். 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது. அருளாளர் காட்டிய சூளை அதுவே.

1872 தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கிற்று. உள்ளே புகுவோரிடம் சாதியோ சமயமோ தடையாக வைக்கப்படவில்லை. கொலையும் புலாலும் தவிர்த்திருத்தல் ஒன்றே விதி. காலையில் வேப்பூரில் கேட்ட ஆடுகளின் குரல், இவ்விடத்தில் அன்பர் நெஞ்சில் மீண்டும் ஒலிக்கும்.

ஆகவே, சமயத்தைக் கடந்து ஆன்மிகம் நாடுவோர்க்கு வழி எளிதாவதில்லை, கடினமாகிறது. கோயிலை விட்டவர், பசித்தவரையும் விட்டுவிட்டால் அது வெறும் சோம்பல். முப்போதும் தரிசனம் செய்பவர், வாசலில் பசியோடு நிற்பவரைக் காணாது போனால் அது வேகாத களிமண். தாத்தாவுக்கும் பேரனுக்கும் தேர்வு ஒன்றுதான்.

மாதப் பூசத்தில் ஆறு திரைகளும், தைப்பூசத்தில் ஏழு திரைகளும் நீக்கி ஜோதி தரிசனம் காட்டப்படும். பேரப்பிள்ளைகளை வாதிட்டு வெல்ல முயலாமல், அன்போடு உடன் அழைத்துச் செல்லுங்கள். விருத்தாசலத்தில் கைகூப்பச் சொல்லுங்கள். வடலூரில் பசித்தவர் இலையில் ஒரு கரண்டி சோறு பரிமாறச் சொல்லுங்கள். மற்றதை அருட்பெருஞ்ஜோதி பார்த்துக்கொள்ளும்.