அரை ஏக்கரும் ஒரு முறைத் தண்ணியும்

கிணற்றை எப்படி சார் நாலாகப் பிரிப்பது?

பி.காம். படித்தவன் நான். பங்குதாரர் ஒருவர் மண்டையைப் போட்டால் மிச்சமிருப்பவர்களுக்கு குட்வில்லை எப்படிப் பிரிப்பது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத குட்வில்லைப் பிரித்துவிடலாம். கண்ணெதிரே எழுபது அடி ஆழத்துக்கு வாயைப் பிளந்து கிடக்கிற கிணற்றைப் பிரிக்க எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு பஸ். ஆட்டையாம்பட்டியில் ஒரு பாக்கெட் முறுக்கு. (அது இல்லாமல் அந்த ஊரைத் தாண்டினால் பாவம்.) காளிப்பட்டி தாண்டி, மல்லசமுத்திரமும் தாண்டி இறங்கினால், இட்டேரியில் ஒன்றரை கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் வண்டித்தடம். எதிரே மாடு வந்தால் நாம்தான் வேலியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் வீடுகள் தெருவாக இருப்பது குறைவு. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. பக்கத்து வீடு என்றால் இரண்டு காடு தள்ளி. 'காடு' என்றதும் புலி, சிறுத்தை என்று பயப்படாதீர்கள். மழையை நம்பி நிலக்கடலையும் சோளமும் போட்டால் அது காடு. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம். இரண்டுக்கும் மண் ஒன்றுதான். கல்யாணத் தரகர் மட்டும், "மாப்பிள்ளைக்குக் காடா, தோட்டமா?" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வார்.

போன ஆடியில் அப்பாரு போய்ச் சேர்ந்தார். (தாத்தாவை நாங்கள் அப்பாரு என்போம்.) 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டது. அப்பாரு கடைசி வரை 'சேலம் ஜில்லா' என்றேதான் விலாசம் சொன்னார். அவர் விட்டுப் போனது ஆறு ஏக்கர். பாதி பூர்வீகம், பாதி அவரே வாங்கியது. ஒரு கிணறு. அதற்குள் மூன்று சைடு போர். ஒரு மோட்டார், ஒரு இலவச மின் இணைப்பு. வாரிசுகள்: பெரியப்பா, எங்கப்பா, சித்தப்பா... அப்புறம் அத்தை. அப்பாயி முன்னாலேயே போய்விட்டார்.

அந்த 'அப்புறம்'தான் விவகாரம்.

தோட்டத்தில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் சரக்கு. அந்தக் காலத்தில் ஜவ்வரிசி நமக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆயிற்று என்று கூடச் சொல்வார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்துக்காரர்களே மரவள்ளியிலிருந்து தயாரிக்க ஆரம்பித்தார்கள். எங்கோ ஜாவாக்காரன் தோட்டத்துச் சமாச்சாரம் எங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வந்து சேர்ந்த கதை அது. பாயசம் பிறகு. முதலில் பஞ்சாயத்து.

வாசலில் கயிற்றுக் கட்டில். பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அத்தை திண்ணையோரம் தூணில் சாய்ந்திருந்தார். வாரிசுச் சான்றிதழில் அத்தை பெயரும் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நகராது.

"அம்மிணி, நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா? நகை போட்டோம், சீர் செஞ்சோம். ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டீன்னா முடிஞ்சுது. கைச்செலவுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்யறோம்" என்றார் பெரியப்பா.

அத்தை நிதானமாக வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினார்.

"எனக்குப் பணம் வேண்டாமுங்ண்ணா. இட்டேரி ஓரமா அரை ஏக்கர் குடுங்க. கிணத்துல நாலுல ஒரு பங்கு குடுங்க. போதும்."

சித்தப்பா டீ டம்ளரை டக்கென்று வைத்தார். "அரை ஏக்கருக்கு எதுக்கு ஒரு நாள் தண்ணி?"

விஷயம் இதுதான். மூன்று பங்கு என்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை. காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை மோட்டார் உங்கள் ராஜ்ஜியம். நாலு பங்கானால் உங்கள் முறை நாலு நாளுக்கு ஒருதரம்தான். சித்திரை வெயிலில் அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் பயிர் தலையைத் தொங்கப்போட்டுவிடும். நிலத்தைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், தண்ணீரை விடமாட்டார்கள். சரி, தனியாக போர் போட்டுக்கொள்வதுதானே? திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. துளை போடுவார்கள், தண்ணீருக்கு உத்தரவாதம் தரமாட்டார்கள். தண்ணீர் வந்தாலும், 1990-லிருந்து எல்லா விவசாயிக்கும் கரண்ட் இலவசம் என்பதால் புது இணைப்புக்கு வருஷக்கணக்கில் க்யூ நிற்கிறது. ஆகவே பழைய கிணறு, பழைய கனெக்‌ஷன். இவைதான் சொத்து. மண், சும்மா அதைச் சுற்றிக் கிடப்பது.

அத்தை புருஷனை இழந்தவர். இட்டேரிக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் மானாவாரிக் காடு. நாலு மாடு. பால் சொசைட்டிக்கு ஊற்றி மகளைப் படிக்க வைத்தவர். வெயில் காலத்தில் தீவனப் புல் விலைக்கு வாங்கியே பால் காசு கரைந்துவிடும். தண்ணீர் பாயும் அரை ஏக்கரில் புல் போட்டால் நாலு மாட்டுக்கும் வருஷம் பூரா தீனி. ஒரே வெட்டாக வெட்டி முடித்துவிட முடியாது, மாறி மாறித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பயிர் அது. கணக்கு என்னைவிட அத்தைக்குத்தான் நன்றாக வந்தது.

"படிச்ச புள்ளை, நீ சொல்லு கண்ணு. சட்டம் என்ன சொல்லுது?" என்று பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் கட்சி என்ற நம்பிக்கை! எங்கப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தொண்டை வறண்டது. சொன்னேன்.

அப்பாரு சம்பாதித்த நிலத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்பது 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது. அத்தை கல்யாணம் 1984. அஞ்சு வருஷத்தில் தப்பியது. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் கல்யாணத் தடையும் போயிற்று. ஆக, எப்படிப் பார்த்தாலும் நாலில் ஒன்று. ஆறு ஏக்கரில் ஒன்றரை.

"ஒன்றரைங்களாக்கும்?" என்றார் அத்தை. தெரியாதவர் மாதிரிதான் கேட்டார். "அப்ப ஒரு ஏக்கரை நான் விட்டுக் குடுக்கறேன்னு வெச்சுக்கங்ண்ணா."

யாரும் பேசவில்லை. கட்டுத்தரையில் எருமை ஒன்று மட்டும் பெருமூச்சு விட்டது. பிறகு பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பி வந்து, "அம்மிணி... தூர் வாரற செலவுல நாலுல ஒண்ணு உன்னுது" என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

பத்திரப் பதிவு திருச்செங்கோட்டில். மலை மேலே அர்த்தநாரீஸ்வரர், உடம்பில் சரிபாதியை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறார். அந்த மலையடிவாரத்து ஊரில்தான் தலைமுறை தலைமுறையாக அக்கா தங்கைகள் பாத்தியதை இல்லை என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று பத்திரத்தில், 'மேற்படி கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்' என்று எழுத்தர் வாசித்தபோது, அத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் பேனாவை வாங்கினார்.

சித்தப்பா வீட்டில் அத்தைக்கு இன்னும் காபி கிடையாது. எங்கப்பா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் காலை ஐந்தரை மணிக்கு போன்.

"இன்னிக்கு உங்க அத்தை முறை."

"சரிப்பா..."

"அந்த மோட்டார் ஸ்டார்ட்டரு ஒரு தட்டுத் தட்டுனாத்தான் ஓடும். அவளுக்கு எங்க தெரியும்? நான் போய்ப் போட்டுட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.