பாரஸீகப் பெண்ணும் பார்ப்பவர் கண்ணும்

அழகுக்கு இலக்கணம் வகுத்தவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்த இலக்கணம் எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர் பாரஸீகத்தின், அதாவது இரானின், சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கஜார் வம்சத்தார் அரசாண்டார்கள். அக்காலத்துச் சித்திரங்களில் காணும் சுந்தரிகளுக்குப் புருவங்கள் இரண்டும் நடுவில் கூடியிருக்கும். மேலுதட்டின்மீது மெல்லிய ரோமக் கோடு ஒன்றும் ஓடும். அதை மை தீட்டி எடுப்பாகக் காட்டிக்கொண்டவர்களும் உண்டு. நூலை முறுக்கி முகத்து ரோமத்தைக் களைவது மணப்பெண்ணுக்கு உரிய சடங்கு. கன்னிப் பெண்கள் புருவத்தைத் திருத்துவது வழக்கமில்லை. நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அவர்களுக்கு அதுவே லட்சணம்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கஜார் அரசகுமாரி ஒருத்தியின் புகைப்படம் செல்போன் வழியாக உலகைச் சுற்றி வருகிறது. எனக்கே மூன்று முறை வந்து சேர்ந்தது. "இவள் மணக்க மறுத்ததால் 13 வாலிபர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்" என்று அதன் கீழே ஒரு குறிப்பு. பார்த்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். கதைக்கோ யாதோர் ஆதாரமும் கிடையாது. நாசிருத்தீன் ஷாவின் குமாரிகளான இஸ்மத்-உத்-தௌலா, தாஜ்-உஸ்-ஸல்தனா என்ற இருவரையும் ஒருவராகக் குழப்பிக் கட்டிவிட்ட கதை அது. இவர்களில் தாஜ்-உஸ்-ஸல்தனா தம் சரிதத்தைத் தாமே எழுதி வைத்தவர். பெண் கல்விக்காகவும், முகத்திரையை நீக்குவதற்காகவும் அதில் வாதாடியவர். அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு இதுவரை ஒருவரும் செய்தி அனுப்பவில்லை!

1936-ஆம் வருஷம் ரேஸா ஷா பெண்கள் முக்காடு அணியலாகாது என்று ஆணையிட்டார். போலீஸார் தெருவிலே முக்காட்டைப் பறித்தார்கள். வெளியே வரக் கூசிப் பல பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். 1979-இல் புரட்சி வந்தது. 1983-இல் முக்காடு சட்டமாயிற்று. மீறினால் 74 கசையடி என்று விதித்தார்கள். முன்னவர் பறித்தார், பின்னவர் போர்த்தினார். இரண்டு தடவையும் பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அயல்நாட்டுப் பத்திரிகைகளோ இரண்டே படங்களை அடுத்தடுத்துப் போட்டுத் திருப்தியடைகின்றன: புரட்சிக்கு முன் குட்டைப் பாவாடை, பின் கரும்போர்வை. இவற்றுக்கிடையே பள்ளிக்கூடம் சென்றவள், கணக்குப் போட்டவள், கவிதை எழுதியவள் யாரும் தென்படுவதில்லை.

டெஹ்ரானில் பிறந்த மர்யம் மிர்ஸாகானி 2014-இல் கணித உலகின் தலைசிறந்த ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. அவருடைய கூந்தலை அச்சிட அஞ்சிய இரானியப் பத்திரிகைகள் சில, படத்தில் முக்காட்டைத் தாமாகச் சேர்த்தன. 2017-இல், நாற்பதாம் வயதில், அவர் காலமானபோதுதான் அந்நாட்டுப் பத்திரிகைகள் சில துணிந்து அவரை உள்ளபடியே வெளியிட்டன. இதை நான் படித்துக் காட்டியதும் என் சகதர்மிணி, "தலைமேல் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள், தலைக்குள்ளே என்ன இருந்தது என்று பார்க்கக் கூடாதா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

2022 செப்டம்பரில், முக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண், காவலில் இருக்கையில் உயிர் நீத்தாள். அதன் பிறகு இரானியப் பெண்கள் வீதிக்கு வந்து முக்காட்டைக் கொளுத்தினார்கள்; கூந்தலைத் தம் கையாலேயே கத்தரித்தார்கள். கவிஞர்கள் காலமெல்லாம் வர்ணித்து வந்த கூந்தல் அது. அது தங்களுடையது என்பதைச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி அகப்படவில்லை.

தேசத்தின் மானத்தைப் பெண்ணின் தலையில் ஏற்றிவைக்கும் வழக்கம் நம்மிடமும் இல்லாமலில்லை. ஆகையால், அடுத்த முறை அந்த அரசகுமாரியின் படம் வந்தால் சிரிப்பதற்கு முன், அவள் சகோதரி எழுதிய புத்தகத்தையும் நினைத்துக்கொள்வோமாக.