நடிக்கத் தெரியாத சாட்சிகள்

நுழையும்முன்

திரைப்படத்தில் மனிதர்கள் நடிக்கிறார்கள். அட்டையாலும் துணியாலும் எழுப்பிய அரண்மனைகளும் நடிக்கின்றன. தெருவோரத்தில் நிற்கும் பழைய காருக்கோ நடிக்கத் தெரியாது. தான் எந்தக் காலத்தில், எந்த ஊரில் பிறந்தது என்பதை அது தன் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கும் பழக்கம், பொழுதுபோக்காகத் தொடங்கி வரலாற்றுணர்வாக வளர்வதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

படச்சுருளும் இரும்பும்

தமிழ்த் திரையுலகின் தொடக்கத்திலேயே மோட்டார் வண்டிக்கு இடமிருந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' என்னும் ஊமைப்படத்தை 1910களின் இறுதியில் எடுத்தவர் ஆர். நடராச முதலியார். அதற்குமுன் அவர் சென்னையில் மோட்டார் உதிரிபாக வணிகம் செய்துவந்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அவர் காலத்துச் சென்னையில் ஓடிய வண்டிகளுள் பெரும்பாலானவையும் மறைந்துவிட்டன. படச்சுருள் மட்கிப்போகும் பொருள். இரும்பு துருவேறும் பொருள். எனினும், படச்சுருள் பிழைத்த இடங்களில் இரும்பும் உடன் பிழைத்திருக்கிறது. உலகில் எங்கும் இல்லாமற்போன ஒரு வண்டி, பழைய படமொன்றில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

படத்தின் பெயர்ப்பட்டியலில் நடிகர், பாடகர், ஒப்பனையாளர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறும். வண்டிகளின் பெயர்கள் இடம்பெறுவதில்லை. ஆகவேதான், காட்சியை நிறுத்தி, "இது எந்த வண்டி? எந்த ஆண்டினது?" என்று வினவும் ஆர்வலர்கள் உலகெங்கும் தோன்றினர். கதாநாயகன் கண்ணீர் விடும் வேளையில் இவர்களுடைய கண்கள் அவனுக்குப் பின்னால் நிற்கும் காரின் விளக்கை அளந்துகொண்டிருக்கும். வேடிக்கையாகத் தோன்றும் இப்பழக்கத்துக்குள் கட்டுப்பாடான ஓர் ஆய்வுமுறை அமைந்திருக்கிறது.

உறுப்பே எழுத்து

ஆண்டுக் குறிப்பில்லாத கல்வெட்டு ஒன்று கிடைத்தால் கல்வெட்டறிஞர் கையை விரித்துவிடுவதில்லை. எழுத்தின் வளைவையும் கோட்டையும் பார்த்து, அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது எனக் கணிக்கிறார். வண்டியை இனங்காண்பவர் செய்வதும் அதையே. முகப்புக் கிரில், விளக்கின் வடிவம், கதவின் கீல், சக்கரமூடி, எண்பலகை ஆகியவை அவருக்கு எழுத்துகள்.

இந்தியாவில் நெடுங்காலம் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. சில வகைக் கார்களே உள்நாட்டில் உற்பத்தியாயின. எனவே, பழைய இந்தியப் படங்களில் கண்டறிய வேண்டிய கார்கள் எண்ணிக்கையில் குறைவு. வேலை எளிது என்று தோன்றும். உண்மையில் அதுவே கடினம். அம்பாசிடரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1957இல் உற்பத்தி தொடங்கிய அது, 2014 வரை ஏறத்தாழ ஒரே உருவத்தில் வெளிவந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் தாத்தா ஏறிய அம்பாசிடரும் பேரன் ஏறிய அம்பாசிடரும் ஒன்றே. அருகில் சென்றால்தான் வேறுபாடு புலப்படும். 1963இல் வந்த 'மார்க் 2' நெருக்கமான கட்டங்கள் கொண்ட கிரிலைப் பெற்றது. 1975இல் வந்த 'மார்க் 3' உட்புறக் கருவிப் பலகையிலும் மாற்றம் கண்டது. ஆண்டைச் சொல்வது உருவமன்று, உறுப்பு.

ஃபியட் 1100க்கு வேறோர் அடையாளம் உண்டு. 1950களில் வந்த வண்டிகளில் முன்கதவின் கீல் பின்விளிம்பில் இருந்தது. கைப்பிடி முன்விளிம்பில் இருந்தது. பிற்காலத்தில் இந்த அமைப்பு தலைகீழாக மாறியது. 1970களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் வலம்வந்த கார், இந்த மாற்றத்துக்குப் பிந்தியது. கதவு மூடியிருந்தாலும், கைப்பிடி இருக்கும் இடத்தைக் கொண்டே முந்தியதையும் பிந்தியதையும் பிரித்தறியலாம்.

சென்னைக்கே உரிய சான்று ஒன்றும் உள்ளது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. தொடக்கத்தில் அதற்கு இரண்டு கதவுகளே இருந்தன. குடும்பத்தோடு பயணம் செய்யும் இந்தியர்களின் தேவைக்கேற்ப, 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இங்கு உருவானது. அந்தக் காரின் தாயகமான இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆகவே, எந்த நாட்டுப் படத்தில் நான்கு கதவு ஹெரால்டு தென்பட்டாலும், அது தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளில் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம். அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தி 1980களின் இறுதியில் முடிவுக்கு வந்தது. அங்கு வேலை செய்தவர்களின் பெயர்களை எந்தப் படமும் சொல்வதில்லை; அவர்கள் பொருத்திய கதவுகள் மட்டும் திரையில் திறந்து மூடுகின்றன.

இருசக்கரங்களின் இலக்கணம்

மோட்டார் சைக்கிளின் எலும்பும் நரம்பும் வெளியில் தெரிபவை. எனவே, காரைவிட அதனை இனங்காண்பது எளிது. மைசூரில் 1960களின் தொடக்கம் முதல் தயாரான ஜாவா 250இல் ஒரே சிலிண்டர். ஆனால், இரண்டு சைலன்சர்கள். வண்டியைக் கிளப்ப உதைக்கும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படும். ராயல் என்ஃபீல்டு புல்லட்டோ 1955 முதல் சென்னையில் உருப்பெற்றது. தொடக்ககாலச் சென்னைப் புல்லட்டும் இங்கிலாந்துப் புல்லட்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. திரையில் பார்த்த அளவில் பிறந்த ஊரைச் சொல்வது அரிது. ஆனால், அக்காலப் பிரிட்டிஷ் மரபுப்படி புல்லட்டின் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் அமைந்திருந்தன. நடிகர் எந்தக் காலை அசைக்கிறார் என்பதுகூட ஒரு சான்றாகிவிடுகிறது.

'ஷோலே' (1975) படத்தில் இரு நண்பர்கள் பாடிக்கொண்டு செல்லும் பக்கப்பெட்டி வண்டியைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். அது பி.எஸ்.ஏ. எம்20 வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்ட வகை அது. போருக்காகப் பிறந்த இயந்திரம், நட்பின் சின்னமாகத் திரையில் நிலைத்துவிட்டது. அடையாளம் தெரியாதவருக்கு அது வெறும் வண்டி. தெரிந்தவருக்கு ஒரு நூற்றாண்டின் கதை.

தெரியுமா?
1973இல் வெளியான 'பாபி' என்னும் இந்திப் படத்தில் நாயகன் ஓட்டிய ராஜ்தூத் நிறுவனத்தின் சிறிய மோட்டார் சைக்கிளை, மக்கள் 'பாபி' என்றே அழைக்கத் தொடங்கினர். வண்டி படத்துக்கு அழகு சேர்த்தது. படம் வண்டிக்குப் பெயர் சூட்டியது.

வேலியைத் தாண்டிய உண்மை

வண்டி சொல்லும் சாட்சி எவ்வளவு வலிமையானது என்பதற்கு, 1963இல் வெளிவந்த 'தி கிரேட் எஸ்கேப்' என்னும் ஆங்கிலப் படம் சிறந்த எடுத்துக்காட்டு. 1944இல் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து நேச நாட்டு விமானப்படையினர் சுரங்கம் தோண்டித் தப்பிய உண்மை நிகழ்ச்சியே அதன் கரு. அப்படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஏற்ற பாத்திரம், ஜெர்மானியப் படைவீரரிடமிருந்து கைப்பற்றிய மோட்டார் சைக்கிளில் முள்வேலியைத் தாண்டிப் பறக்கிறது. உலகத் திரைப்படக் காட்சிகளுள் புகழ்பெற்ற ஒன்று அது. வேலியைத் தாண்டியவர் உண்மையில் மெக்வீன் அல்லர்; அவருடைய நண்பரும் சண்டைக்காட்சிக் கலைஞருமான பட் எகின்ஸ்.

அந்த வண்டிக்கு ஜெர்மானியப் படை வண்டியின் நிறம் பூசப்பட்டிருந்தது. ஆயினும், நிறத்தைக் கடந்து பார்ப்பவரை அது ஏமாற்றவில்லை. போர்க்காலத்து பி.எம்.டபிள்யூ. ஆர்75 வண்டியின் இரு சிலிண்டர்களும் இருபுறமும் கைகளை நீட்டியதுபோலப் படுக்கையாக இருக்கும். பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. படத்தில் வரும் வண்டியிலோ இரு சிலிண்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. பின்சக்கரத்தின் இருபுறமும் ஷாக் அப்சார்பர்கள் உள்ளன. அது, 1956இல் அறிமுகமான டிரையம்ப் டி.ஆர்.6 என்னும் பிரிட்டிஷ் வண்டி. கதை நடக்கும் 1944இல் அந்த வண்டி பிறக்கவே இல்லை.

இது சிறிய பிழைதானே என்று தோன்றலாம். ஆனால், அந்தச் சாட்சி சுட்டும் திசை பெரிது. அக்காட்சியே கற்பனை. உண்மை நிகழ்ச்சியில் மோட்டார் சைக்கிளும் இல்லை; வேலியைத் தாண்டிய வீரனும் இல்லை. தப்பியவர் 76 பேர். விடுதலை அடைந்தவர் மூவர் மட்டுமே. பிடிபட்டவர்களுள் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். திரையில் பறக்கும் வண்டி நெஞ்சில் பதிந்துவிட, அந்த 50 பேர் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றனர். காலத்துக்குப் பொருந்தாத ஓர் இயந்திரம், "இங்கே கதை வரலாற்றை விட்டு விலகுகிறது" என்று அமைதியாக விரல் நீட்டுகிறது.

ஏமாற்றும் செவியும் கண்ணும்

இனங்காண்பவர் எச்சரிக்கையோடு இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. முதலில் ஒலி. பெரும்பாலான படங்களில் வண்டியின் ஓசை பின்னர் சேர்க்கப்படுகிறது. மண்சாலையில் டயர் கிறீச்சிடுவது அதனால்தான். ஒலியை நம்பி இயந்திரத்தைச் சொல்பவர் தவறக்கூடும். அடுத்தது, இடவலம் மாற்றி அச்சிட்ட காட்சி. வலப்புறம் இருக்க வேண்டிய ஸ்டியரிங் இடப்புறம் தெரிந்தால், வெளிநாட்டு வண்டி என்று முடிவுகட்டுமுன் கடைப்பலகையின் எழுத்துகள் நேராக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். மேலும், உட்காட்சியில் ஒரு காரும் வெளிக்காட்சியில் வேறொரு காரும் இருப்பது வழக்கம்.

1968இல் வெளியான 'புல்லிட்' படத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்து மேட்டுத்தெருக்களில் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றும் டாட்ஜ் சார்ஜர் ஒன்றும் துரத்திக்கொள்கின்றன. சார்ஜருக்குச் சக்கரங்கள் நான்கு. அதிலிருந்து கழன்று உருளும் சக்கரமூடிகளோ நான்குக்கும் அதிகம். ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மீண்டும் மீண்டும் வழியில் வருகிறது. ஒரே ஓட்டத்தைப் பல கோணங்களில் எடுத்து அடுக்கிய தொகுப்பாளரின் கைத்திறனை அந்தச் சிறிய கார் காட்டிக்கொடுத்துவிட்டது. அப்படத்தில் ஓடிய மஸ்டாங்குகளுள் ஒன்று நெடுங்காலம் பொதுப்பார்வையிலிருந்து மறைந்திருந்து, 2018இல் மீண்டும் வெளிவந்தது. அதனை மெய்ப்பித்தவை அதன் சேசிஸ் எண்ணும் படப்பிடிப்புக்காகச் செய்த மாற்றங்களின் தடயங்களுமே. பளபளப்பு அன்று, தழும்புகளே சான்றாயின. 2020இல் அது 37 இலட்சம் டாலருக்கும் அதிகமான விலைக்கு ஏலம் போனது.

இவற்றிலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், இரண்டு மூன்று அடையாளங்களைப் பொருத்திப் பார்த்தல் முதல் நெறி. உறுதியானது, வாய்ப்புள்ளது, ஊகம் என்று முடிவைத் தரம்பிரித்துச் சொல்லுதல் இரண்டாவது. ஒரு காட்சி எடுக்கப்பட்ட காலத்தை அதிலுள்ள மிகப் புதிய பொருளைக் கொண்டு கணித்தல் மூன்றாவது. 1940இல் செய்த கார் 1965இல் எடுத்த படத்தில் வரலாம். 1965இல் செய்த கார் 1940இல் எடுத்த படத்தில் வர இயலாது. எளிய இந்த உண்மை, நாணயத்தைக் கொண்டு மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்கும் அகழாய்வுக்கும் பொருந்தும்.

இதே நெறி, பழங்காலக் கதைகளை இன்று படமாக்குவோருக்கும் கடமையொன்றை உணர்த்துகிறது. மாநிலத்தின் ஈரெழுத்தோடு வட்டார எண்ணும் சேர்ந்த இன்றைய எண்பலகை முறை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின் வந்தது. 1960களின் கதையில் அத்தகைய பலகையைத் தொங்கவிட்டால், அக்காலத்தை அறியாத தலைமுறை அதனையே உண்மையெனக் கொள்ளும். முன்னோர் காலத்தைத் திரையில் மட்டுமே காணப்போகும் பிள்ளைகளுக்குத் திரைதான் நினைவு. அந்த நினைவில் பொய் கலவாமல் காப்பது ஒரு பண்பாட்டுப் பணி.

இயந்திரத்துக்குள் ஓர் உயிர்

ரித்விக் கட்டக் இயக்கிய 'அஜாந்திரிக்' (1958) என்னும் வங்காளப் படத்தின் பெயருக்கு 'இயந்திரமல்லாதது' என்பது பொருள். ஊரார் ஏளனம் செய்யும் பழைய செவ்ரோலே வாடகைக் காரை அதன் ஓட்டுநர் பிமல் உறவாக எண்ணுகிறார். 'ஜகத்தல்' என்று பெயரிட்டு அழைக்கிறார். இறுதியில் அது பழுதுபார்க்க இயலாத நிலையை அடைகிறது. துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டுப் பழைய இரும்புக்கு விலையாகிறது. வண்டி போனபின், அதன் ஒலிப்பான் மட்டும் ஒரு குழந்தையின் கையில் ஒலிக்கிறது.

காயலான் கடைக்குப் போன ஆயிரமாயிரம் ஹெரால்டுகளுக்கும் ஜாவாக்களுக்கும் அப்படியோர் ஒலிப்பானாக விளங்குவது திரைப்படமே. அதில் ஓடும் வண்டியைப் பெயர்சொல்லி அழைப்பவர், அதை வடிவமைத்தவரையும் திருகாணி முடுக்கியவரையும் ஓட்டியவரையும் மறதியிலிருந்து ஒரு கணம் மீட்டெடுக்கிறார். கதாநாயகனைக் காண அனைவருக்கும் கண் உண்டு. அவனுக்குப் பின்னால், பெயரின்றி நிற்பதைக் காணும் கண்ணைத்தான் பழக்கிப் பெற வேண்டும்.